வெட்டினால் போதுமா? முளைப்பதற்கு யார் பதில் சொல்வது?

(கண்மாய்ப் பாசன விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். படியுங்கள்! படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்!)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! ஊர் ஊராக நடந்து கிடை போடும் கீதாரிகளே! களையெடுத்துக் கை காய்த்துப் போன தாய்மார்களே! இளைஞர்களே!

இன்றைக்கு நான் சீமைக் கருவேலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அதைப் பற்றிப் பேச என்ன இருக்கு? வெட்ட வேண்டியதுதானே?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நான் திருப்பிக் கேட்கிறேன்: இதுவரைக்கும் வெட்டவே இல்லையா? ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் எத்தனை கண்மாயில் ஜே.சி.பி. இறங்கியிருக்கு? எத்தனை முறை ஏலம் விட்டிருக்காங்க? வெட்டின கண்மாயில் இரண்டு மழை கழித்துப் போய் நின்று பாருங்க. முன்னால் நூறு மரம் நின்ற இடத்தில் ஆயிரம் கன்று நிற்கும். முன்னாலாவது மரத்துக்கு மரம் நடுவில் ஆள் நுழையலாம். இப்போது நாய் கூட நுழைய முடியாது!

ஏன் இப்படி ஆகுது? வெட்டினது தப்பா? இல்லை. வெட்டினதோடு வேலை முடிந்தது என்று கணக்கை முடித்தார்களே, அதுதான் தப்பு. மரத்தை வெட்டுவது ஒரு நாள் வேலை. வெட்டின மண்ணில் அடுத்து எது முளைக்கிறது, எது ஜெயிக்கிறது என்பதுதான் மூன்று வருஷ வேலை. இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். மீதியை விளக்கமாகச் சொல்கிறேன்.

வந்தது எப்படி?

இந்த மரம் நம்ம ஊர் மரம் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, இதுதான் அதன் பூர்வீகம். வெள்ளைக்காரன் ஆட்சியில், சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற அதிகாரி, விதை வேண்டும் என்று 1876இல் எழுதினார். 1877இல் கடப்பைப் பகுதியில் ஊன்றினார்கள். அப்போது கடப்பை நம்ம மாகாணம்தான். அதற்குப் பிறகு விறகுத் தட்டுப்பாடு என்றும், வறண்ட பூமியைப் பச்சையாக்குகிறோம் என்றும் பரப்பினார்கள். ஆக, கொண்டு வந்தது அரசாங்கம், பரப்பினது அரசாங்கம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் தேவை வரும்.

மறுபடி முளைக்க மூன்று வழி

மரத்தை வெட்டின பிறகு கருவை மூன்று வழியில் திரும்பி வருது.

முதல் வழி, அடிக்கட்டை. தரைக்கு மேலே வெட்டினால் அது சாகாது. ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டு கிளம்பும். தரைக்குக் கீழே, வேர் தொடங்குகிற கழுத்தில் இருக்கிற மொட்டில் இருந்துதான் அது தழைக்கிறது. மண்ணுக்கு அடியில் பத்து சென்டிமீட்டராவது, அதாவது நாலு விரற்கடைக்கு மேல், தோண்டி வெட்டினால் அந்தக் கட்டை தழைக்காது. இது எத்தியோப்பியாவில் சோதித்துப் பார்த்த விஷயம். ஆனால் ஏலம் எடுத்தவர் தோண்டுவாரா? அவருக்குக் கரிமூட்டத்துக்குக் கட்டை வேணும். வேர் எதற்கு? கட்டையை விட்டு வைத்தால் மூணு நாலு வருஷத்தில் அடுத்த வெட்டுக்கு மரம் தயார். அவருக்கு லாபம். நமக்கு?

இரண்டாவது வழி, மண்ணில் கிடக்கிற விதை. கருவை விதைக்கு மேல் தோல் கெட்டி. அதைச் சுற்றி இன்னொரு கெட்டி ஓடு. மழை பட்டாலும் எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைக்காது. கொஞ்சம் இந்த வருஷம், கொஞ்சம் அடுத்த வருஷம், இன்னும் கொஞ்சம் அதற்கு அடுத்த வருஷம் என்று தவணை முறையில் வரும். மரம் நிழல் கட்டி நின்றவரை அடியில் கிடந்த விதை பெரும்பாலும் சும்மா கிடந்தது. முளைத்ததும் நிழலில் நோஞ்சானாகி மடிந்தது. ஜே.சி.பி. வந்து மரத்தைத் தூக்கி, மண்ணையும் கிளறிவிட்டது. வெயில் விழுந்தது. மேலே நாலு தூறல் விழுந்தது. விதைக்கு வேறென்ன வேணும்? உழுது விதைத்த மாதிரி ஆகிவிட்டது!

மூன்றாவது வழிதான் முக்கியம். அது நடந்து வருது. நாலு காலில் நடந்து வருது.

ஆடும் மாடும் செய்கிற இரண்டு வேலை

கோடையில் புல் எல்லாம் காய்ந்த நேரத்தில் கருவை நெற்று பழுத்து விழுது. மஞ்சள் நெற்று, இனிப்பு. ஆடு, மாடு, எருமை எல்லாம் விரும்பித் தின்னும். சதையைச் செரித்துவிடும். கெட்டி விதையில் ஒரு பகுதி முழுசாகச் சாணத்தோடு வெளியே வரும். வயிற்றுக்குள் போய் வந்ததில் மேல் ஓடு போயிருக்கும், தோல் இளகியிருக்கும். விழுகிற இடத்தில் எருவும் கூடவே இருக்கு. எத்தியோப்பியாவில் அவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு கிலோ மாட்டுச் சாணத்தில் 2,800க்கு மேல் விதை! ஒரு கிலோ ஆட்டுப் புழுக்கையில் 700க்கு மேல்! ஆடு நன்றாக மென்று தின்பதால் அதில் விதை கொஞ்சம் குறைவு. மாடு அப்படியே விழுங்கிவிடுவதால் அதிகம்.

இது முதல் வேலை: விதை சுமப்பது. இரண்டாவது வேலையை நாம கவனிப்பதே இல்லை. அது பொறுக்கித் தின்பது.

வெட்டின கண்மாய்க் கரையில் மழைக்குப் பிறகு என்னென்ன முளைக்கும்? அறுகு முளைக்கும். கொழுக்கட்டைப் புல் வரும். ஒரு வேப்பங்கன்று, ஒரு வெள்வேலங்கன்று, ஒரு நாட்டுக் கருவேலங்கன்று தலைகாட்டும். நடுவில் சீமைக் கருவையும் வரும். இப்போது ஆடு வருது. எதைத் தின்னும்? புல்லைத் தின்னும். வேப்பங்கொழுந்தைத் தின்னும். வெள்வேலத்தைத் தின்னும். சீமைக் கருவை இலையை மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். அதன் இலையில் துவர்ப்பும் கசப்பும் இருக்கு. பசி தாங்காமல் இளந்தளிரைக் கொஞ்சம் கடிக்கும், அவ்வளவுதான். மாடு பச்சை இலையைத் தொடுவதே அபூர்வம்.

நினைத்துப் பாருங்க. ஓட்டப் பந்தயத்தில் பத்துப் பேர் ஓடுகிறார்கள். ஒன்பது பேர் காலை ஒருத்தர் பிடித்து இழுக்கிறார். பத்தாவது ஆளை மட்டும் விட்டுவிடுகிறார். யார் ஜெயிப்பார்? இதுதான் வெட்டின கண்மாயில் நடக்குது. கருவை தன் பலத்தில் மட்டும் ஜெயிக்கவில்லை. எதிரே நிற்க வேண்டிய செடியை எல்லாம் ஆடு மேய்ந்து கொடுப்பதால் ஜெயிக்கிறது.

புல்லுக்கும் கன்றுக்கும் நடக்கிற சண்டை

விவசாயிக்குப் போட்டி என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வயலில் கோரை மண்டினால் நெல் என்ன ஆகுது என்று நமக்குத் தெரியும். அதே கணக்கு கண்மாயிலும் உண்டு.

கருவைக் கன்று முளைத்த முதல் சில வாரம் ரொம்ப பலவீனமானது. அதற்கு வெயில் வேணும், மேல் மண்ணில் ஈரம் வேணும். அந்த நேரத்தில் அடர்த்தியான புல் இருந்தால், மேல் மண் ஈரத்தைப் புல் உறிஞ்சிவிடும். வெயிலையும் மறைக்கும். நிறைய கன்று செத்துப் போகும். ஆனால் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால், ஆணிவேர் நேராகக் கீழே இறங்கிவிடும். புல்லின் வேர் எட்டாத ஆழத்துக்கு அது போய்விட்டால், பிறகு புல்லால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மேல் கருவையின் முறை. நிழல் கட்டும். உதிர்ந்த இலை மக்கி, மற்ற விதை முளைப்பதையே தடுக்கும். கருவைக்காட்டுக்கு அடியில் புல் பார்த்திருக்கீங்களா? வெறும் மண்தானே கிடக்கு?

ஆக, சண்டை நடப்பது முதல் மழையில்தான். அந்த நேரத்தில் மண் மொட்டையாக இருந்தால் கருவை ஜெயிக்கும். மண்ணில் புல் மூடியிருந்தால் நம்ம செடி ஜெயிக்க வழி உண்டு. ஜே.சி.பி. வைத்து மேல் மண்ணைப் புரட்டி, புல் வேரையும் புல் விதையையும் ஆழத்தில் புதைத்து, அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்களே, அது கருவைக்குப் பாய் விரித்த கதை.

கீதாரி மேல் பழி போடாதே!

இதைக் கேட்டதும் சில அதிகாரிகள் என்ன சொல்வாங்க தெரியுமா? "பார்த்தீங்களா, ஆடு மாடுதான் காரணம். மேய்ச்சலை நிறுத்து!" என்பார்கள். தோழர்களே, அந்தப் பேச்சில் ஏமாந்துவிடாதீர்கள்!

நான் ஆரம்பத்தில் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மரத்தைக் கொண்டு வந்தது ஆடு இல்லை. மேய்ச்சல் புறம்போக்கை எல்லாம் கருவை மூடிவிட்டது. மிச்சம் இருந்ததில் பாதி கட்டடமாகிவிட்டது. கோடையில் வேறு தீவனம் இல்லாததால்தான் ஆடு நெற்றைத் தின்னுது. கிடை ஆடு இல்லாவிட்டால் நம்ம கரிசலுக்கும் செவலுக்கும் எரு ஏது? உர மூட்டை விற்கிற விலையில் கீதாரியை விரட்டிவிட்டு நாம விவசாயம் செய்ய முடியுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். நாட்டுக் கருவேல விதை வேண்டும் என்றால் நாற்றங்கால்காரர்கள் எங்கே போவார்கள்? ஆட்டுப்பட்டிக்குத்தான். ஆடு நாட்டுக் கருவேலங்காயைத் தின்று, அசை போடும்போது விதையைத் துப்பும். அந்த விதை நன்றாக முளைக்கும். அதே ஆடுதான், அதே வாய்தான். எந்த மரத்துக் காயைத் தின்கிறது, எந்த நேரத்தில் எந்த இடத்தில் மேய்கிறது என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கு. ஆட்டை விரட்டுவது தீர்வல்ல. நேரம் குறித்து, இடம் குறித்து மேய்ப்பதுதான் தீர்வு.

நம்மைப் போல் பட்டவர்கள்

இது நம்ம ஜில்லாவின் கதை மட்டும் இல்லை. குஜராத்தில் கட்ச் பகுதியில் பன்னி என்று பெரிய புல்வெளி இருக்கு. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். உப்புப் பாலை உள்ளே வராமல் தடுக்கிறோம் என்று 1961இல் வனத்துறை 31,550 ஹெக்டேரில் இதே மரத்தை வைத்தது. மாடும் எருமையும் நெற்றைத் தின்று மீதிப் புல்வெளிக்கும் பரப்பிவிட்டன. அங்கே மாடு வளர்க்கும் மால்தாரி மக்கள் புல்லை இழந்தார்கள். ஆனால் கருவையை வேரோடு எடுத்து, கொஞ்ச காலம் மாடு நுழையாமல் அடைத்து வைத்த இடங்களில் புல் திரும்ப வந்திருக்கு. வெறுமனே வெட்டி மட்டும் விட்ட இடத்தில் கருவையே மறுபடி தழைத்திருக்கு.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் பரிங்கோ ஏரிக்கரையில் 1980களில் விறகுக்காக இதே மரத்தை வைத்தார்கள். அங்குள்ள இல்சாமுஸ் மக்களின் ஆடுகள் இனிப்பு நெற்றைத் தின்று தின்று பல் விழுந்து பட்டினி கிடந்தன. 2006இல் அந்த மக்கள் தங்கள் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். பல் போன ஆட்டை நீதிமன்றத்துக்கே சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். படிப்பறிவு குறைந்த மேய்ச்சல்காரர்கள்தான். ஆனாலும் கேள்வி கேட்டார்கள். நாம கேட்க வேண்டாமா?

சட்டம் என்ன சொல்லுது? நடப்பது என்ன?

2017 தொடக்கத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னது. ஊரெல்லாம் ஜே.சி.பி. ஓடியது. பட்டா நிலத்தில் இருப்பதை உடையவரே எடுக்க வேண்டும் என்று சிறு விவசாயிக்கு நெருக்கடி வந்தது. அரை ஏக்கர் தரிசு வைத்திருப்பவர் கடன் வாங்கி எடுத்தார். பக்கத்திலேயே கண்மாய்ப் புறம்போக்கில் அடிக்கட்டை அப்படியே நின்றது. அங்கே விளைந்த நெற்றை மாடு தின்று இவர் நிலத்தில் சாணம் போட்டது. கடனும் மிச்சம், கருவையும் மிச்சம்!

2022இல் தமிழக அரசு அந்நியப் படையெடுப்புத் தாவரங்கள் பற்றி ஒரு கொள்கை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே, வாழிடங்களை மீட்டெடுப்பது என்ற வார்த்தையும் இருக்கு. நல்ல வார்த்தை. அகற்றுவது பாதி, மீட்பது மீதிப் பாதி என்று அரசே ஒத்துக்கொண்டுவிட்டது. அப்படியானால் நம்ம கண்மாய் ஏலத்தில், டெண்டரில், எஸ்டிமேட்டில் அந்த மீதிப் பாதி எங்கே? தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி கண்மாய்கள் இருக்கு. ஒவ்வொன்றிலும் பாதி வேலை செய்து பாதியை விட்டால், திரும்பத் திரும்ப அதே இடத்தில் பணத்தைக் கொட்ட வேண்டியதுதான்.

நாம இன்றைக்கே செய்யக்கூடியது

அரசு வரட்டும் என்று காத்திருக்காமல் ஊர்க்கூட்டம் போட்டு நாமே சில வேலை செய்யலாம்.

ஒன்று. பராமரிக்க முடிகிற அளவு மட்டும் எடுங்கள். முழுக் கண்மாயையும் ஒரே கோடையில் மொட்டையடிக்க வேண்டாம். மடை ஓரம், வரத்துக்கால், கலுங்கு என்று முக்கியமான இடத்தில் தொடங்குங்கள். விறகுக்கும் கரிக்கும் இதை நம்பி அடுப்பு எரிக்கிற குடும்பங்களும் நம்ம குடும்பங்கள்தான். படிப்படியாகச் செய்தால் அவர்கள் பிழைப்பும் ஒரே நாளில் அறுந்து போகாது.

இரண்டு. மழைக்கு முன்னால் வேர்க்கழுத்தோடு தோண்டி எடுங்கள். எடுத்த இடத்தில் உடனே புல் விதை தூவுங்கள். கொழுக்கட்டைப் புல் நம்ம மண்ணுக்கு ஏற்றது, ஆடு மாட்டுக்கும் தீவனம்.

மூன்று. மழை பெய்து இரண்டு வாரத்தில் ஒரு சுற்று வாருங்கள். ஈர மண்ணில் கருவைக் கன்றைக் கையாலேயே வேரோடு பிடுங்கலாம். ஒரு மழையைத் தவறவிட்டால் மண்வெட்டி வேணும். இரண்டு வருஷம் விட்டால் மறுபடி ஜே.சி.பி. வேணும்! மூன்று வருஷம் ஒவ்வொரு மழைக்கும் இந்தச் சுற்று தவறக்கூடாது.

நான்கு. வேம்பு, புங்கன், நாட்டுக் கருவேலம் என்று நம்ம மரக்கன்றுகளைக் கரையோரம் வையுங்கள். வெட்டின கருவை முள்ளையே சுற்றி அடைப்பாகப் போடுங்கள். ஆனால் நெற்று உள்ள கிளையைப் போடாதீர்கள். வேலி போட்ட இடத்திலேயே விதை போட்ட கதையாகிவிடும்.

ஐந்து. எடுத்த இடத்தை முதல் இரண்டு மழைக்கு அடைத்து வையுங்கள். முழுக் கண்மாயையும் அடைக்க வேண்டாம், எடுத்த பகுதியை மட்டும். அந்தப் புல்லை அறுத்துக் கொண்டுபோய் வீட்டில் போடலாம். புல் வேர் பிடித்த பிறகு மேய்ச்சலுக்குத் திறந்துவிடுங்கள். எந்தப் பகுதி, எந்த மாதம் என்று கீதாரிகளையும் கூட்டத்தில் உட்கார வைத்துப் பேசி முடிவெடுங்கள். அவர்கள் இல்லாமல் எடுக்கிற முடிவு நிற்காது.

ஆறு. நெற்று தின்ற மந்தையை நேரே சுத்தம் செய்த நிலத்துக்கு ஓட்டாதீர்கள். ஒரு வாரம் பட்டியில் வேறு தீவனம் கொடுத்து வைத்தால், வயிற்றில் இருக்கிற விதை அங்கேயே விழுந்துவிடும். பட்டியில் முளைப்பதைப் பிடுங்குவது சுலபம்.

ஏழு. நெற்று மண்ணில் விழுந்து கிடக்க விடாதீர்கள். பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, விதை நொறுங்க அரைத்துத் தீவனத்தில் கொஞ்சமாகக் கலக்கலாம். விதையும் சாகும், தீவனச் செலவும் குறையும். அதை மட்டுமே தீவனமாகப் போட்டால் மாட்டுக்கு ஆகாது. அளவோடு கொடுங்கள்.

நம் கோரிக்கைகள்

இதெல்லாம் நாம செய்வோம். ஆனால் கொண்டு வந்தவர்கள் கைகழுவிவிட்டுப் போக விடமாட்டோம்! மாவட்ட ஆட்சியரிடம் நாம் வைக்கப்போகும் கோரிக்கைகள் இவை:

1. கண்மாய், ஊருணி, புறம்போக்குகளில் கருவை அகற்றும் ஒவ்வொரு டெண்டரிலும் வேரோடு எடுப்பதைக் கட்டாயமாக்கு! தரைக்கு மேல் வெட்டிவிட்டுப் போகிறவருக்குப் பணம் கொடுக்காதே!

2. அகற்றுகிற செலவோடு மூன்று வருஷம் கன்று பிடுங்குவதற்கும், புல் விதைக்கும், நாட்டு மரக்கன்றுக்கும் சேர்த்து நிதி ஒதுக்கு! ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையை மூன்றாவது மழைக்குப் பிறகு, கிராம சபை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே கொடு!

3. கன்று பிடுங்கும் வேலையை உள்ளூர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் கூலி வேலையாகக் கொடு!

4. அடைத்து வைக்கும் காலத்துக்கு ஆடு மாடு வளர்ப்போருக்குத் தீவனம் கொடு! மாற்று மேய்ச்சல் இடம் ஒதுக்கு! கீதாரிகள் மேல் வழக்குப் போடாதே!

5. சிறு குறு விவசாயிகளின் பட்டாத் தரிசில் உள்ள கருவையை அரசு செலவில் அகற்று! அபராதம், செலவு வசூல் என்று மிரட்டாதே!

6. கரி, கட்டை விற்கிற ஏலப் பணத்தை அந்தந்தக் கண்மாயின் பராமரிப்புக்கே செலவிடு! கணக்கைக் கிராம சபையில் வை!

பெருமக்களே! கண்மாயில் கருவை நின்றால் கொள்ளளவு குறையும், மடைக்குத் தண்ணீர் வராது, கடைமடைக்காரன் வயல் காயும். இது மரத்தைப் பற்றிய சண்டை இல்லை. நம்ம தண்ணீரைப் பற்றிய, நம்ம மேய்ச்சலைப் பற்றிய சண்டை. இந்த மழை வருவதற்குள் ஊர்க்கூட்டம் போடுங்கள். கண்மாய் வாரியாக ஐந்து பேர் கொண்ட குழு அமையுங்கள். குழுவில் ஒரு கீதாரியும் ஒரு தாயும் கட்டாயம் இருக்கட்டும். மழை பெய்த பதினைந்தாம் நாள் கண்மாயில் இறங்கி, பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டி, எத்தனை கருவைக் கன்று, எத்தனை நம்ம கன்று என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வருவோம். "அகற்றிவிட்டோம்" என்று அவர்கள் கோப்பைக் காட்டட்டும். "முளைத்துவிட்டது" என்று நாம் கணக்கைக் காட்டுவோம்!

வெட்டாதே பாதியில்! விட்டுவிடாதே மீதியை!
வேரோடு எடு! புல்லோடு மூடு!
மேய்ச்சல்காரரும் விவசாயியும் ஒன்றுபடுவோம்! கண்மாயை மீட்போம்!